பிழைத்த சீட்டுகள்

மல்லாவி. வங்கி வாசல். பிளாஸ்டிக் கதிரை.
நீல உடுப்பு, தொப்பி, விசில்.
ஆறு வருசத்தில் ஒருமுறைதான் ஊதியிருக்கிறேன்,
அதுவும் ஒரு மாட்டுக்கு.

காசு போடும் சீட்டில் தொகையைப் பிழையாய் எழுதிவிட்டுச்
சனம் கசக்கி எறியும்.
எடுத்து, தொடையில் வைத்து நீவுவேன்.
பின்பக்கம் வெள்ளை.
ஒரு எச்.பி, ஒரு நாலு பி, பாதி அழிரப்பர்.
ஆறு பி வேண்டுமென்றால் வவுனியாவுக்குப் போக வேணும்.

முதல் மாதம் நான் வரைந்த ஒருவருக்கும் நெற்றி இல்லை.
காசாளர் சுகிர்தா எட்டிப் பார்த்து
"மனேஜரைத் தேவாங்காக்கிப் போட்டாயடி" என்றாள்.
சோற்றுக்குப் பிறகு அவளை அசையாதே என்று இருத்தி
ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி
பென்சிலில் நகம் வைத்து அளந்தேன்.
உச்சியிலிருந்து கண்வரை எவ்வளவோ
கண்ணிலிருந்து நாடிவரை அவ்வளவுதான்.
நம்பாமல் திரும்ப அளந்தேன்.
தலையில் பாதியை இத்தனை நாள்
மயிர் என்று கணக்கிலேயே எடுக்கவில்லை.

மூக்குத்தான் பெரும்பாடு.
கோடு போட்டால் மிளகாய் தொங்குகிறது.
அடகு மீட்க வந்த ஒரு மனிசி
வரிசையில் வெயிலோடு நின்றபோது கண்டேன்,
அவளின் மூக்கில் கோடே கிடையாது.
ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல்,
இரண்டும் முட்டுப்படுகிற இடம்.
அவள் தன் முறை வந்து உள்ளே போனாள்.
நான் நிழலை மட்டும் போட்டேன்.
மூக்கு தானாய் வந்தது.

பல்லை எண்ணி வரைந்தால் சிரிப்பு சோளப்பொத்தி.
விரலால் தேய்த்தால் கன்னம் ஊத்தை.
கெடுத்த தாள்கள் பொலித்தீன் பை நிறைய.

புதன்கிழமைகளில் வரும் பாலிநகர்த் தேங்காய்க்காரர்
தர்மகுலம் அண்ணையை மூன்று வாரமாய் வரைந்தேன்.
வாங்கிப் பார்த்தார். தூரப் பிடித்தும் பார்த்தார்.
"இது நானில்லைப் பிள்ளை. என்ர மச்சான்.
ரெண்டு லட்சம் தர வேணும் எனக்கு."
தாடையில் அரை நெல் அகலம் கூடிவிட்டது, வேறொன்றுமில்லை.
அரை நெல்லில் ஒரு மனிசன் கடன்காரனாகிறான்.
மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்,
"கண்டால் காட்டிறன்."

இரவு முறையில் ஏ.ரி.எம் கூண்டுக்குள் நிற்பேன்.
உள்ளே லைற், வெளியே இருட்டு,
கதவுக் கண்ணாடி முழுக்க என் முகம்.
கூலி கேட்காத ஆள்.
யோகபுரப் பக்கம் யானைவெடி போட்டார்கள்.
கை ஒருதரம் துள்ளியது. அழித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

முடித்தபோது நல்ல முகம்தான்.
கண் நடுவில், மூக்கு நிழலில்.
ஆனால் இடது தாடை வழுவழுவென்று
பதினாறு வயதில் இருந்தது.
ஊரையெல்லாம் பார்த்து வரைந்தவள்
அந்த இடத்தை மட்டும்
பாராமல் வரைந்திருக்கிறேன்.

மறுபடி பார்த்தேன்.
காதடியிலிருந்து நாடிவரை.
நாலு பி-யால் ஒரு கோடு இழுத்தேன், புழு.
அழித்தேன். மெல்லிசாய் இழுத்தேன், சின்னப் புழு.
பிறகு கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்றேன்.
அது கறுப்பில்லை.
சுற்றியுள்ள தோலைவிட மினுங்கல்,
லைற் முதலில் விழுகிறதே அங்கேதான்.
சுற்றிவர நிழலைக் கொண்டுவந்து
அதன் கரையில் நிற்பாட்டினேன்.
பென்சில் படாத அந்த வெள்ளைக்குள்
முன்பக்கத்து எழுத்து மங்கலாய்த் தெரிந்தது,
யாரோ வெட்டிவிட்ட தொகை.

ஐந்து மணிக்கு பேக்கரி வான் பெடியன் காட்டோடு வந்தான்.
மெசினில் காசில்லை என்றேன்.
குனிந்து தாளைப் பார்த்தான்.
"காது கொஞ்சம் மேல போயிட்டுதக்கா.
உங்களுக்கு இவ்வளவு மேல இல்லை."

ஓமடா என்று
அழிரப்பரைத் தேடினேன்.
கதிரைக்குக் கீழே கிடந்தது.